க்ளவுட் டேட்டாபேஸில் க்வெரி மெதுவாகும்போது: எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

செயலி மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தவுடன் பலரும் முதலில் செய்வது, க்ளவுட் கன்சோலைத் திறந்து இன்ஸ்டன்ஸை (டேட்டாபேஸ் ஓடும் க்ளவுட் இயந்திரத்தை) ஒரு படி பெரிதாக்குவது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்; கொஞ்ச நாள் வேகமும் தெரியும். ஆனால் ஒரு க்வெரி (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) 40 வரிசைகளை எடுக்க 50 லட்சம் வரிசைகளைப் படித்துக்கொண்டிருந்தால், பெரிய இயந்திரம் அதே வீண் வேலையைக் கொஞ்சம் சீக்கிரம் செய்யும், அவ்வளவுதான். டேபிள் வளர வளரப் பழைய மந்தம் திரும்பிவிடும். ஏறிய கட்டணம் இறங்காது. நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே எதையும் மாற்ற வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் வழியும், தெரிந்த பிறகு செய்ய வேண்டியவையும் இங்கே உள்ளன.

எடுத்துக்காட்டுகள் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை மனத்தில் கொண்டவை. அமேசான் ஆர்டிஎஸ், கூகுள் க்ளவுட் எஸ்க்யூஎல், அஸூர் டேட்டாபேஸ் ஆகிய மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். கன்சோலில் பொத்தான் இருக்கும் இடம்தான் மாறும். கட்டளைகளையும் பராமீட்டர்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோடிட்டு எழுதவும்.

முதல் நாள் ஏற்பாடு

பிரச்சினை வந்த பிறகு கண்காணிப்பைப் போட்டால், வந்துபோன பிரச்சினையின் தடயம் கிடைக்காது. டேட்டாபேஸை உருவாக்கிய அன்றே செய்ய வேண்டியவை:

1. ஆர்டிஎஸ்ஸில் உங்களுக்கென்று ஒரு பராமீட்டர் குரூப் (அமைப்பு மதிப்புகளின் தொகுப்பு) உருவாக்கி இன்ஸ்டன்ஸுடன் இணையுங்கள். இயல்பாக வரும் குரூப்பைத் திருத்த முடியாது. குரூப்பை மாற்றியபின் ஒருமுறை ரீபூட் தேவை. பயனர்கள் வரும் முன்பே இதை முடித்துவிட்டால், பின்னால் நள்ளிரவில் சேவையை நிறுத்த வேண்டியிருக்காது.

2. எந்த க்வெரி எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனை (கூடுதல் வசதியை) இயக்குங்கள். இது ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரீஸ் பட்டியலில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் சேர்த்து ரீபூட் செய்யுங்கள். பிறகு டேட்டாபேஸுக்குள் போய் 'க்ரியேட் எக்ஸ்டென்ஷன்' கட்டளை கொடுங்கள். அஸூரில் அதற்கு முன்பு, அனுமதிக்கப்பட்ட எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலிலும் இதன் பெயரைச் சேர்க்க வேண்டும்.

3. லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் மதிப்பை 1000 என்று வையுங்கள். அலகு மில்லி நொடி. ஒரு நொடிக்கு மேல் ஓடும் ஒவ்வொரு க்வெரியும் தன் உண்மையான மதிப்புகளோடு லாக் கோப்பில் பதிவாகும். இயல்பு மதிப்பு −1, அதாவது பதிவே கிடையாது. 0 வைத்தால் எல்லா க்வெரியும் பதிவாகி, போக்குவரத்து அதிகமுள்ள சர்வரில் டிஸ்க்கை லாக்கே நிரப்பிவிடும். க்வெரியில் இருக்கும் தனிப்பட்ட தகவல்களும் லாக்கில் சேரும் என்பதால், லாக்கைப் பார்க்கும் உரிமையைச் சிலருக்கு மட்டும் கொடுங்கள்.

4. கண்காணிப்புக்குத் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி பிஜி_மானிட்டர் ரோலைக் கொடுங்கள். இது இல்லாவிட்டால், அடுத்தவர்களின் க்வெரி இருக்க வேண்டிய இடத்தில் 'உரிமை போதாது' என்ற பொருளில் ஒரு வாசகம்தான் தெரியும். எக்ஸ்டென்ஷன் பழுது என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவதற்கு இதுவே காரணம்.

5. ட்ராக்_ஐஓ_டைமிங் இயங்குகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கில் படிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று ப்ளானில் (க்வெரி நடந்த விதத்தைக் காட்டும் அறிக்கையில்) தனியாகத் தெரிவது இதனால்தான்.

இவற்றோடு க்ளவுட் தரும் வரைபடத்தையும் திறந்துவையுங்கள்: ஆர்டிஎஸ்ஸில் க்ளவுட்வாட்ச் டேட்டாபேஸ் இன்சைட்ஸ் (முன்பு பெர்ஃபார்மன்ஸ் இன்சைட்ஸ்), கூகுளில் க்வெரி இன்சைட்ஸ், அஸூரில் க்வெரி ஸ்டோர்.

வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது

சிபியு சதவீதத்தைப் பார்த்தே முடிவெடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது பாதி உண்மையைத்தான் சொல்லும். க்வெரிகள் பூட்டுக்காகக் காத்து நிற்கும்போது சிபியு 10 சதவீதத்தில் அமைதியாக இருக்கும். பயனர்களுக்கோ எதுவும் நகராது.

ஆர்டிஎஸ் வரைபடத்தில் வரும் 'சராசரி இயங்கும் செஷன்கள்' என்ற அளவு இதைவிடப் பயன்படும். ஒரு கணத்தில் சராசரியாக எத்தனை செஷன்கள் (டேட்டாபேஸோடு திறந்த இணைப்புகள்) வேலையில் அல்லது காத்திருப்பில் உள்ளன என்பதே அது. பக்கத்தில் விசிபியு (மெய்நிகர் சிபியு) எண்ணிக்கையைக் காட்டும் கோடு இருக்கும். 4 விசிபியு உள்ள இன்ஸ்டன்ஸில் இந்த அளவு 11 என்றால், 7 செஷன்களாவது எதற்காகவோ காத்திருக்கின்றன. எதற்காக என்பதை நிறங்கள் சொல்லும்.

சிபியு நிறம் அதிகமென்றால், க்வெரிகள் நினைவகத்தில் இருக்கும் தரவையே அளவுக்கு மீறிப் படிக்கின்றன, அல்லது எண்ணிக்கை அதிகம். 'டேட்டாஃபைல் ரீட்' என்றால், தேவையான பக்கங்கள் (தரவு சேமிக்கப்படும் துண்டுகள்) நினைவகத்தில் இல்லாமல் டிஸ்க்கிலிருந்து வருகின்றன. 'லாக்' (இங்கே பதிவு அன்று, பூட்டு) வகையில் 'ட்ரான்ஸாக்‌ஷன் ஐடி' என்று வந்தால், ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் (ஒன்றாகவே முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுதி) பிடித்துவைத்த வரிசைக்காக இன்னொன்று நிற்கிறது. இதற்கு எந்த இண்டெக்ஸும் (வரிசைகளை விரைவில் தேடித்தரும் அமைப்பும்) நேரடி மருந்தாகாது. 'க்ளையன்ட் ரீட்' என்றால் டேட்டாபேஸ் தன் வேலையை முடித்துவிட்டு உங்கள் செயலியின் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கிறது. தவறைச் செயலியின் பக்கம் தேடுங்கள்.

எந்த க்வெரி?

இப்போது பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸைத் திறந்து, டோட்டல்_எக்ஸெக்_டைம் நெடுவரிசைப்படி இறங்குவரிசையில் முதல் 20 க்வெரிகளை எடுங்கள். கூடவே கால்ஸ், மீன்_எக்ஸெக்_டைம், ரோஸ், ஷேர்டு_ப்ளக்ஸ்_ரீட், டெம்ப்_ப்ளக்ஸ்_ரிட்டன் ஆகியவற்றையும் எடுங்கள். நேரம் எல்லாம் மில்லி நொடியில். (12 வரையிலான பதிப்புகளில் டோட்டல்_டைம் என்று மட்டும் இருந்தது, பழைய கட்டுரைகளில் உள்ள க்வெரியை நகலெடுத்தால் பிழை வருவது அதனால்தான்.)

மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்துவது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு அறிக்கை க்வெரி 8 நொடி எடுக்கிறது, நாளைக்கு 20 முறை ஓடுகிறது: மொத்தம் 160 நொடி. இன்னொரு க்வெரி 12 மில்லி நொடிதான், ஆனால் நாளைக்கு 20 லட்சம் முறை: மொத்தம் 24,000 நொடி, அதாவது 6 மணி 40 நிமிடம். கண்ணில் படுவது முதலாவது. சர்வரைத் தின்பது இரண்டாவது. 12 மில்லி நொடியை 3 ஆக்கினால் ஐந்து மணி நேர வேலை குறையும். இந்தச் சின்ன க்வெரி ஸ்லோ லாக்கில் ஒருநாளும் வராது என்பதைக் கவனியுங்கள்.

இதில் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, இந்த எண்கள் கடைசியாக ரீசெட் செய்த நாள் முதல் கூடிக்கொண்டே வருபவை. போன மாதம் ஓடி முடிந்த ஒரு பழைய வேலைகூட மேலே நிற்கும். 10 மணிக்கு ஒருமுறை, 11 மணிக்கு ஒருமுறை இந்தப் பட்டியலை ஒரு டேபிளில் சேமித்துக் கழித்துப் பார்த்தால், அந்த ஒரு மணி நேரத்தின் உண்மை தெரியும்.

இரண்டாவது, சராசரி பொய் சொல்லும். பெரும்பாலும் 2 மில்லி நொடியில் முடிந்து, ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு மட்டும் 9 நொடி எடுக்கும் க்வெரியின் சராசரி அழகாகத்தான் இருக்கும். மேக்ஸ்_எக்ஸெக்_டைம், ஸ்டிடிடெவ்_எக்ஸெக்_டைம் (திட்ட விலக்கம்) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவதைப் பலர் அறிவதில்லை: டைம்அவுட் ஆகி ரத்தான க்வெரி இந்தப் பட்டியலில் சேர்வதே இல்லை. ஓடி முடிந்தவை மட்டுமே கணக்கில் வரும். க்வெரி ஓடக்கூடிய உச்ச நேரமான ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்டை 30 நொடி என்று வைத்திருந்தால், இருப்பதிலேயே மோசமான க்வெரி 30 நொடி ஓடி, ரத்தாகி, பட்டியலில் தடயமே இல்லாமல் போய்விடும். அதை லாக் கோப்பின் பிழைச் செய்திகளில்தான் பிடிக்க முடியும்.

ப்ளானைப் படித்தல்

க்வெரி கையில் கிடைத்தது. இனி 'எக்ஸ்ப்ளெய்ன் (அனலைஸ், பஃபர்ஸ்)' என்பதை அதன் முன்னால் சேர்த்து ஓட்டுங்கள். பட்டியலில் மதிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் டாலர் குறியும் எண்ணும்தான் இருக்கும். உண்மையான மதிப்பை லாக்கிலிருந்து எடுத்துப் போடுங்கள். வாய்க்கு வந்த ஒரு மதிப்பைப் போட்டால் வேறு ப்ளான் வரலாம்.

எச்சரிக்கை: அனலைஸ் சேர்த்தால் க்வெரி உண்மையிலேயே ஓடும். டெலீட் கட்டளைக்கு முன்னால் போட்டால் வரிசைகள் உண்மையிலேயே அழியும். எழுதும் கட்டளையாக இருந்தால் முதலில் 'பிகின்', பிறகு எக்ஸ்ப்ளெய்ன், கடைசியில் செய்ததைத் திரும்பப் பெறும் 'ரோல்பேக்'. அப்போதும் ரோல்பேக் வரை பூட்டுகள் பிடிபட்டிருக்கும் என்பதால் நெரிசல் நேரத்தில் வேண்டாம்.

ப்ளான் ஒரு மரம். மிக உள்ளே தள்ளி எழுதப்பட்ட வரிதான் முதலில் நடப்பது. அங்கிருந்து மேலே ஏறிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் தேட வேண்டியவை இவை.

கணிப்பும் உண்மையும். முதல் அடைப்புக்குள் இருப்பது ப்ளானர் (க்வெரியை நடத்தும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) எதிர்பார்த்த வரிசை எண்ணிக்கை, இரண்டாவதில் உண்மையில் வந்தது. 40 என்று எதிர்பார்த்து 61,000 வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேலே எடுத்த முடிவுகள் எல்லாம் அந்தத் தவறான கணிப்பின் மீது எடுத்தவை. இரண்டு டேபிள்களை இணைக்க, 40 வரிசைகள்தானே என்று ஒவ்வொன்றாகத் தேடும் நெஸ்டெட் லூப் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கும். 61,000 என்று தெரிந்திருந்தால், பெரிய அளவுக்கு ஏற்ற ஹாஷ் ஜாயின் முறைக்குப் போயிருக்கும்.

லூப்ஸ். முனையில் காட்டும் நேரம் ஒரு சுற்றின் சராசரி. 0.05 மில்லி நொடி என்று பார்த்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். பக்கத்தில் லூப்ஸ் 61,000 என்றிருந்தால் அது 3 நொடிக்கு மேல்.

ஃபில்டர் நீக்கிய வரிசைகள். 'ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்' என்ற இடத்தில் லட்சக்கணக்கில் எண் இருந்து, வெளியே வந்தவை சில நூறு என்றால், இண்டெக்ஸ் இல்லாத இடம் அது. ஆனால் 'சீக்வென்ஷியல் ஸ்கேன்' என்ற பெயரைக் கண்டதும் பதற வேண்டாம். சின்ன டேபிளிலும், டேபிளின் பெரும்பகுதி தேவைப்படும் க்வெரியிலும் அதுதான் சரியான வழி.

பஃபர்ஸ். 'ஹிட்' நினைவகத்திலிருந்து, 'ரீட்' அதற்கு வெளியிலிருந்து. ஒரு பக்கம் 8 கேபி. ரீட் 1,20,000 என்றால் ஏறக்குறைய 940 எம்பி படித்திருக்கிறது. 20 வரிசைகள் காட்டும் ஒரு திரைக்கு 940 எம்பி என்பதைப் பார்க்கும்போதே கோளாறு புரியும். இரண்டாம் முறை ஓட்டினால் தரவு கேச்சில் இருப்பதால் நேரம் குறையும். ஹிட், ரீட் இரண்டின் கூட்டுத்தொகை பெரிதாக மாறாது. அதனால் முன், பின் ஒப்பிடும்போது நேரத்தைவிட இந்தக் கூட்டுத்தொகையே நம்பகமானது.

சார்ட் முறை. 'எக்ஸ்டர்னல் மெர்ஜ், டிஸ்க்' என்று இருந்தால், வரிசைப்படுத்த நினைவகம் போதாமல் டிஸ்க்கில் தற்காலிகக் கோப்பு எழுதியிருக்கிறது. இதற்கு வொர்க்_மெம் பராமீட்டர்தான் பொறுப்பு. இயல்பு 4 எம்பி. இதைக் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தக் கூடாது. அந்த அளவு ஒரு இணைப்புக்கு அன்று. ஒரு க்வெரியில் உள்ள ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹாஷுக்கும் தனித்தனி. 64 எம்பி, ஒரு க்வெரிக்கு 3 சார்ட், 200 இணைப்பு என்று வைத்துப் பெருக்கினால் 37.5 ஜிபி. நினைவகம் தீர்ந்து சர்வரே மறுதொடக்கமாகும். அறிக்கை எடுக்கும் ரோலுக்கு மட்டும், அல்லது அந்த ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் 'செட் லோக்கல்' கொண்டு மட்டும் உயர்த்துங்கள்.

இண்டெக்ஸ் போடும் முறை

ஆர்டர் டேபிளில் ஒரு வாடிக்கையாளரின், 'நிலுவை' நிலையில் உள்ள, கடந்த 30 நாள் ஆர்டர்களில் புதிய 20ஐக் காட்ட வேண்டும். மூன்று நெடுவரிசைக்கும் மூன்று தனி இண்டெக்ஸ் போடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஒரே கூட்டு இண்டெக்ஸ் போதும்: வாடிக்கையாளர் எண், நிலை, உருவாக்கிய நேரம், இதே வரிசையில். சமக்குறி கொண்டு ஒப்பிடுபவை முன்னால், வீச்சாக ஒப்பிடுவது கடைசியில். நேரத்தை முதலில் வைத்தால், எல்லா வாடிக்கையாளர்களின் 30 நாள் பதிவுகளையும் நடந்து கடந்துதான் இவருடையதை எடுக்க முடியும். கடைசியில் வைத்தால், தேவையான பதிவுகள் இண்டெக்ஸில் ஒட்டி அடுத்தடுத்து, ஏற்கெனவே நேர வரிசையில் இருக்கும். சார்ட்டும் மிச்சம், 20 கிடைத்ததும் நின்றுவிடலாம்.

நிலுவை ஆர்டர்கள் மொத்தத்தில் 2 சதவீதம்தான் என்றால், 'நிலை நிலுவையாக உள்ளவை மட்டும்' என்ற நிபந்தனையோடு பகுதி இண்டெக்ஸ் போடலாம். அளவு மிகச் சிறியதாக, எப்போதும் நினைவகத்திலேயே இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் இண்டெக்ஸ் போடும்போது 'கன்கரன்ட்லி' என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை அந்த டேபிளில் எழுதும் வேலை அத்தனையும் நிற்கும். சேர்ப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் இது ஓடாது. பல மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும்) கருவிகள் எல்லாவற்றையும் தாமாகவே ட்ரான்ஸாக்‌ஷனில் சுற்றிவிடும் என்பதால் அதை அணைக்க வேண்டும். அந்த செஷனுக்கு ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்டை 0 ஆக்குங்கள். இல்லையெனில் பாதியில் ரத்தாகும். அப்படி ரத்தானால் 'இன்வேலிட்' நிலையில் ஒரு இண்டெக்ஸ் மிச்சமாகிக் கிடக்கும். எந்தத் தேடலுக்கும் அது உதவாது, ஆனால் எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் சுமையாகும். 'ட்ராப் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி' கொண்டு நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பிஜி_ஸ்டாட்_ப்ராக்ரஸ்_க்ரியேட்_இண்டெக்ஸில் பார்க்கலாம் (பதிப்பு 12 முதல்).

இன்னொன்று: ஃபாரின் கீ (ஒரு டேபிளின் வரிசையை இன்னொரு டேபிளின் வரிசையோடு கட்டும் இணைப்பு) போட்டால் போஸ்ட்கிரெஸ் அந்த நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி போடும். அங்கிருந்து வருபவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். தாய் டேபிளில் ஒரு வரிசையை அழித்தால், குழந்தை டேபிள் முழுவதையும் படித்துத்தான் சரிபார்க்கும். ஒரே ஒரு வரிசையை அழிக்க நிமிடக்கணக்கில் ஆகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாதபோது

நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றியிருந்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. மின்னஞ்சலைச் சிற்றெழுத்தாக்கி ஒப்பிடுகிறீர்கள் என்றால், இண்டெக்ஸும் அதே ஃபங்ஷனின் மீது போடப்பட வேண்டும். உருவாக்கிய நேரத்தைத் தேதியாக்கி ஒப்பிடுவதற்குப் பதில், அந்த நாளின் தொடக்கத்துக்குச் சமமாகவோ பின்னதாகவோ, அதோடு அடுத்த நாளின் தொடக்கத்துக்கு முன்னதாகவும் இருக்கும்படி வீச்சாக எழுதுங்கள்.

தரவு வகைப் பொருத்தமின்மை கண்ணில் படாத எதிரி. நெடுவரிசை பிக்இன்ட் (முழு எண் வகை), செயலி அனுப்பும் மதிப்பு நியூமெரிக் (தசம எண் வகை) என்றால், போஸ்ட்கிரெஸ் நெடுவரிசையை நியூமெரிக்காக மாற்றித்தான் ஒப்பிடும், இண்டெக்ஸ் கைவிடப்படும். ப்ளானில் நெடுவரிசைப் பெயருக்குப் பின்னால் இரட்டை முக்காற்புள்ளியும் வகைப் பெயரும் ஒட்டியிருந்தால் காரணம் இதுதான்.

சொல்லின் நடுவில் தேடும் 'லைக்' தேடலுக்கு, அதாவது முன்னாலும் பின்னாலும் சதவீதக் குறி இருந்தால், சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் பயன்படாது. பிஜி_டிஆர்ஜிஎம் எக்ஸ்டென்ஷனும் ஜின் இண்டெக்ஸும் தேவை.

பக்கம் பக்கமாகக் காட்டும் 'ஆஃப்செட்' முறையையும் கவனியுங்கள். ஆஃப்செட் 1,00,000 என்றால் ஒரு லட்சம் வரிசைகளை எடுத்து, எறிந்துவிட்டு, அடுத்த 20ஐத் தரும். கடைசியாகக் காட்டிய வரிசையின் நேரத்தையும் எண்ணையும் நினைவில் வைத்து, 'இதற்கு முந்தையவை 20' என்று கேளுங்கள். ஆயிரமாவது பக்கமும் முதல் பக்கத்தின் வேகத்திலேயே வரும்.

ஒரே க்வெரி ஒரு திரைக்கு நூறு முறை ஓடுகிறதென்றால், அது ஓஆர்எம்மின் (செயலிக்காக க்வெரிகளைத் தானே எழுதித்தரும் நூலகத்தின்) கைவேலை: பட்டியலை ஒருமுறை எடுத்து, ஒவ்வொன்றின் விவரத்துக்கும் தனித்தனியாகப் போகிறது. ஒவ்வொரு முறையும் 1 மில்லி நொடிதான் என்றாலும், நூறு முறை போய்வரும் பிணையத் தாமதம் சேரும். ஜாயின் அல்லது முன்கூட்டியே ஏற்றும் வசதிகொண்டு ஒன்றிரண்டு க்வெரியாக்கலாம்.

புள்ளிவிவரமும் வேக்யூமும்

கணிப்பு தவறியதற்கு முதல் காரணம், டேபிளைப் பற்றி ப்ளானர் நம்பியிருக்கும் பழைய புள்ளிவிவரம். அதைப் புதுப்பிக்கும் 'அனலைஸ்' கட்டளையை (எக்ஸ்ப்ளெய்னோடு வந்த அனலைஸ் வேறு) அந்த டேபிளுக்கு ஓட்டி ப்ளானை மறுபடி பாருங்கள். சில வேளை இதோடு வேலை முடிந்துவிடும். பெரும் தரவேற்றத்துக்குப் பிறகும் பெரும் பதிப்பு உயர்த்தலுக்குப் பிறகும் இது கட்டாயம். 17 வரையிலான பதிப்புகளுக்கு உயர்த்தும்போது பழைய புள்ளிவிவரம் கூட வராது. உயர்த்திய மறுநிமிடம் எல்லாமே மெதுவானால் காரணம் அநேகமாக அதுதான்.

இரு நெடுவரிசைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் (நகரமும் அஞ்சல் குறியீடும் போல), ப்ளானர் அவற்றைத் தொடர்பற்றவையாக எண்ணி நிகழ்தகவுகளைப் பெருக்கி, மிகக் குறைவாகக் கணிக்கும். 'க்ரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' கொண்டு அந்த உறவைச் சொல்லிக்கொடுத்து, மறுபடி அனலைஸ் ஓட்டுங்கள்.

மாற்றிய, அழித்த வரிசைகளின் பழைய நகல்களை, அதாவது 'செத்த' வரிசைகளை, நீக்குவது வேக்யூம். அதைத் தானாக ஓட்டும் ஆட்டோவேக்யூம், போஸ்ட்கிரெஸின் இயல்பு மதிப்பில், டேபிளில் 20 சதவீத வரிசைகள் செத்த பிறகுதான் தொடங்கும். ஆயிரம் வரிசைக்கு அது சரி. 10 கோடி வரிசைக்கு 2 கோடிச் செத்த வரிசைகள் சேரும்வரை காத்திருக்கும். பெரிய டேபிள்களுக்கு மட்டும் ஆட்டோவேக்யூம்_வேக்யூம்_ஸ்கேல்_ஃபேக்டரை 0.02 போல வையுங்கள். வேக்யூமை அணைப்பது ஒருபோதும் தீர்வாகாது.

பூட்டும் இணைப்பும்

இப்போதுள்ள செஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்' என்ற நிலையில் நிமிடக்கணக்கில் நிற்கும் செஷன் ஆபத்தானது. செயலி ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து, நடுவில் வெளிச் சேவை ஒன்றை அழைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். அதுவரை பூட்டுகள் விடுபடாது. பல வேளைகளில் செத்த வரிசைகளை வேக்யூம் நீக்குவதற்கும் அது தடையாகிறது. ஐடில்_இன்_ட்ரான்ஸாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்டை 60 நொடி என்று தொடங்குங்கள். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பதை பிஜி_ப்ளாக்கிங்_பிட்ஸ் ஃபங்ஷன் சொல்லும். தடுப்பவரை முதலில் பிஜி_கேன்சல்_பேக்எண்டால் நிறுத்திப் பாருங்கள். அது ஓடும் க்வெரியை மட்டுமே ரத்துசெய்யும். சும்மா நிற்கும் செஷனுக்கு பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்தான் வேண்டும்.

டேபிளை மாற்றும் 'ஆல்டர்' கட்டளை நொடியில் முடியக்கூடியதாக இருந்தாலும், ஒரு நீண்ட செலக்ட் க்வெரியின் பின்னால் காத்து நின்றால், அதன் பின்னால் வரும் எல்லா க்வெரிகளும் வரிசையில் நிற்கும். ஆல்டருக்கு முன்னால், பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரமான லாக்_டைம்அவுட்டை 3 அல்லது 5 நொடி வையுங்கள். தோற்றால் மறுபடி முயலலாம்; சேவை நிற்காது.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி ப்ராசஸ். 'இணைப்பு போதவில்லை' என்ற பிழைக்கு மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 2000 ஆக்குவது பதிலாகாது. பிஜிபவுன்ஸர் அல்லது ஆர்டிஎஸ் ப்ராக்ஸி போன்ற பூலர் (சில இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்துதரும் இடைத்தரகர்) வேண்டும். ட்ரான்ஸாக்‌ஷன் முறையில் பூலரை வைத்தால், செஷன் அளவில் கொடுத்த 'செட்' கட்டளை அடுத்தவர் கையில் போய்ச் சேரும்; முன்பு சொன்ன 'செட் லோக்கல்' இங்கேயும் காப்பாற்றும்.

க்ளவுட்டுக்கே உரிய வரம்புகள்

தினமும் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் மட்டும் எல்லாம் மந்தமாகி, க்வெரி ப்ளான்களில் எந்த மாற்றமும் இல்லையென்றால், டிஸ்க்கைப் பாருங்கள். அமேசானின் 'ஜிபி2' என்ற வகை டிஸ்க் ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ் (ஒரு நொடியில் செய்யக்கூடிய படிப்பு, எழுதல் எண்ணிக்கை) தரும். 100 ஜிபி வாங்கினால் நிரந்தரமாகக் கிடைப்பது 300 மட்டுமே. பயன்படுத்தாமல் சேர்ந்த கிரெடிட் இருக்கும்வரை 3000 வரை பாயும். கிரெடிட் நிரம்பியிருந்தால் முழு வேகத்தில் சுமார் 33 நிமிடம் தாங்கும். தீர்ந்ததும் 300க்கு விழும். 'பர்ஸ்ட் பேலன்ஸ்' என்ற அளவு பூஜ்யத்தை நெருங்குவதுதான் அடையாளம். 'ஜிபி3' வகைக்கு மாறினால் சிறிய டிஸ்க்கிலும் 3000 ஐஓபிஎஸ் நிரந்தரம்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து புதிதாக எழுப்பிய இன்ஸ்டன்ஸில் சோதனை செய்யும்போது அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். ஆர்டிஎஸ்ஸில் தரவு பின்னணியில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தை முதன்முறை தொடும்போது மிக மெதுவாக இருக்கும். அதே க்வெரியை மூன்று முறை ஓட்டி, கடைசி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டன்ஸைப் பெரிதாக்குவது எப்போது நியாயம்? முதல் 20 க்வெரிகளின் ப்ளானும் சீராக, ஃபில்டரில் எறியப்படும் வரிசைகள் குறைவாக இருந்தும், அடிக்கடி தேவைப்படும் தரவு நினைவகத்தில் அடங்காமல் 'டேட்டாஃபைல் ரீட்' நீடித்தால், நினைவகம் கூடுதலாக உள்ள வகைக்குப் போகலாம். படிப்பு மட்டுமே மிகுதி என்றால் ரீட் ரெப்ளிகா (படிக்க மட்டுமான நகல் சர்வர்) ஒரு வழி. ரெப்ளிகா கொஞ்சம் பின்தங்கியே இருக்கும் என்பதால், எழுதிய மறுகணம் படிக்க வேண்டியவற்றை அங்கே அனுப்பாதீர்கள்.

மாற்றியபின்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இரண்டு இண்டெக்ஸும் ஒரு பராமீட்டரும் ஒரே மாலையில் மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று பிரிக்க முடியாது. முந்தைய ப்ளான், பிந்தைய ப்ளான், பஃபர் எண்ணிக்கை மூன்றையும் தேதியோடு குறித்துவையுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடியபின் மறுபடி மொத்த நேரப் பட்டியலைக் கழித்துப் பாருங்கள். மேலே நின்ற க்வெரி கீழே இறங்கியிருந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

எச்சரிக்கை மணிகள் நான்கைந்து போதும்: இயங்கும் செஷன்கள் விசிபியு எண்ணிக்கையைத் தாண்டி 10 நிமிடம் நீடித்தால், காலி டிஸ்க் 20 சதவீதத்துக்குக் கீழே போனால், இணைப்புகள் உச்ச வரம்பில் 80 சதவீதம் ஆனால், ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் 15 நிமிடத்துக்கு மேல் திறந்தே கிடந்தால், ரெப்ளிகா பின்தங்கினால். ஐம்பது மணிகள் வைத்தால் ஒன்றையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மாதம் ஒருமுறை பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸில் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் (இண்டெக்ஸ் பயன்பட்ட எண்ணிக்கை) பூஜ்யமாக உள்ளவற்றைப் பாருங்கள். பயன்படாத இண்டெக்ஸும் ஒவ்வொரு இன்சர்ட்டிலும் கூலி கேட்கும். நீக்கும் முன் மூன்று கேள்விகள்: அது யூனிக் கட்டுப்பாட்டைக் காக்கும் இண்டெக்ஸா? ரெப்ளிகாவில் பயன்படுகிறதா (அங்கே கணக்கு தனி)? மாத இறுதி அறிக்கைக்கு மட்டும் தேவைப்படுவதா? மூன்றுக்கும் 'இல்லை' என்று உறுதியானபின், அதன் உருவாக்கக் கட்டளையை எங்காவது சேமித்துவிட்டு நீக்குங்கள். தவறாகிவிட்டால் அதே கட்டளையில் கன்கரன்ட்லி சேர்த்துத் திரும்பக் கட்டிவிடலாம்.